நன்றி என்பது அறிதல்

வானொலியிலே பேச வருகின்றவர் தம் பேச்சை முடிக்குங்கால் "நன்றி, வணக்கம்" என்று கூறுவது வழக்கம். கூட்டங்களின் ஈற்றிலே நன்றியுரை என்று தனியே ஒன்று உண்டு; அதனைக் கேட்பதற்குச் சபையிலே பெரும்பாலும் கதிரைகளே எஞ்சியிருக்கும். கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டின் அடியிலுங்கூட இச்சொல் அச்சிடப்பட்டிருக்கின்றது. இவ்வளவு தாராளமாக வழங்கும் இச்சொல்லை, யாழ்ப்பாணத்து விவசாயக் கிராமம் ஒன்றிலே நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல நான் கேட்டதே இல்லை. அயல்வீட்டு ஆச்சி ஒரு சட்டி ஒடியற்கூழ் கொடுத்தனுப்பினால், அம்மா "நன்றி" என்று சொல்லியனுப்ப மாட்டார். அடுத்த நாள் அந்தச் சட்டி கழுவித் துடைத்துத் திரும்பிப் போகும். போகும்போது அதனுள்ளே நான்கு முருங்கைக்காயோ ஒரு பிடி பயறோ இருக்கும். வெறுஞ் சட்டியைத் திருப்பிக் கொடுத்தல் ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக் கொடுத்த பொடியனுக்கு "நல்லாயிருப்பாய் மோனை" என்று ஒரு வாழ்த்துக் கிடைக்கும். அவ்வளவே.

இதனைக் கொண்டு அம்மக்கள் நன்றியில்லாதவர் என்று எவரேனும் கூறுவாராயின், அவர் அம்மக்களோடு ஒரு நாளாவது வாழ்ந்தவரல்லர்.

சொல்லையே எடுத்து நோக்குவோம். நன்றி என்பது நன்மை. பழைய வழக்கிலே அது ஒருவர் செய்த நல்ல காரியத்தின் பெயராக நின்றது. பெற்றவர் திருப்பிச் சொல்லும் உபசார வார்த்தைக்குப் பெயரானது பிற்காலத்து வழக்கு. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். செய்த நன்மையை அறிதல் என்பது அதன் பொருள். சொல்லுதல் என்றோ செலுத்துதல் என்றோ வையாது, அறிதல் என்று வைத்திருக்கின்றார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்து வருபவன் என்ற முறையிலே, இந்த 'அறிதல்' என்ற சொல் என் மனத்தைப் பற்றிக்கொண்டது வியப்பன்று. அறிதலுக்கு முயற்சி வேண்டும்; விசாரணை வேண்டும்; சில வேளைகளில் கணக்கும் வேண்டும்.

குடும்பத்துக்கும் நண்பருக்கும் வாழ்க்கையிலே கிடைத்த வாய்ப்புகளுக்கும் நாம் நன்றியுடையவராய் இருத்தல் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பொதுவாகச் சொல்லுவது எளிது. அதனை மறுப்பாரும் இல்லை. ஆதலால் நான் பெற்ற வாய்ப்பு ஒன்றினை மாத்திரம் எடுத்து, அது எங்கிருந்து வந்தது, எவர் எவர் கையினூடாக வந்தது என்று இன்று விசாரிக்க விரும்புகின்றேன்.

நான் புகையிலையும் வெங்காயமும் செய்த ஒரு விவசாயியின் மகன். முதலாம் வகுப்பிலே காலடி வைத்த நாள் தொடங்கிக் கலைப் பட்டதாரியாகப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவந்த நாள் வரை, படிப்புக்கென்று ஒரு சதமேனும் கட்டணமாகக் கொடாதவன். என் தலைமுறையில் இந்நாட்டிலே படித்தவர் பெரும்பாலோரின் கதை இதுவே. 1980ஆம் ஆண்டு தொடக்கம் பாடப்புத்தகங்களும் இலவசமாயின. 1993ஆம் ஆண்டு தொடக்கம் சீருடைத் துணியும் வந்தது. அதற்குள் நான் பாடசாலையை விட்டுவிட்டேன். ஆனால் என் மாணவர் அதனைப் பெற்றனர்.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து மழைபோல் இறங்கியதன்று. 1940களின் முற்பகுதி வரையிலே இந்நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சுயபாஷைப் பாடசாலை ஏழைக்கு. ஆங்கிலப் பாடசாலை பணம் கட்ட வல்லவருக்கு. உத்தியோகம் ஆங்கிலப் பாடசாலையின் வாயிலிலே நின்றது. அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலே அமைந்த விசேட குழு 1943ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. நீண்ட விவாதங்களுக்கும் எதிர்ப்புகளுக்கும் பின்னர், 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. அவற்றின் தொகை 54 ஆயிற்று.

அந்தக் கன்னங்கராவுக்கும் ஒரு கதை உண்டு. அவர் அம்பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்திலே 1884ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் படித்த பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு, காலி ரிச்மண்ட் கல்லூரியின் அதிபராயிருந்த ஜே. எச். டாரல் வருகை தந்தார். ஒரே சிறுவன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு பெறுவதைக் கண்ட அதிபர், அவனைத் தம் கல்லூரிக்குப் புலமைப்பரிசில் கொடுத்து அழைத்துக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஓர் அதிபரின் கண் ஒரு சிறுவனின் மேல் விழுந்தது. அச்சிறுவன் வளர்ந்து ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் கதவைத் திறந்தான். பரிசளிப்பு விழாக்களிலே, பிரதம விருந்தினரின் வாகனம் வந்துவிட்டதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் போன்ற அதிபர்கள் இதனைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

இலவசக் கல்வி வந்து இரண்டு வருடங்களின் பின், 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே, கன்னங்கரா தமது மத்துகம தொகுதியில் தோற்றுப் போனார். 1952இல் பாராளுமன்றம் புகுந்து மீண்டும் மந்திரியானார் எனினும், கல்விப் பொறுப்பு அவர் கைக்குத் திரும்பி வரவில்லை. 1969இல் காலமானார். மக்கள் நன்றி கொன்றனர் என்று இதனைக் கொண்டு நான் தீர்ப்புக் கூறமாட்டேன். வாக்கு என்பது பெற்ற உபகாரத்துக்குக் கொடுக்கும் கூலி அன்று. ஆயினும் அந்த 1947ஆம் ஆண்டிலே வாக்களிக்கச் சென்ற தாய் தந்தையரின் பிள்ளைகள், அன்று காலை கட்டணம் இல்லாத வகுப்பறைக்குரியவராய் இருந்தனர் என்பதை நினைக்கும்போது மனம் சிறிது கனக்கத்தான் செய்கின்றது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்திலே உள்ள செய்தி. இனிச் சொல்லப் போவதை நான் பாடப்புத்தகத்திலே படிக்கவில்லை. பட்டம் பெற்று உத்தியோகத்துக்குச் சென்ற இடத்திலே கண்டறிந்தேன்.

என் முதல் நியமனம் 1997ஆம் ஆண்டில், நுவரெலியா மாவட்டத்திலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்குக் கிடைத்தது. தகரக் கூரையிட்ட ஒரு நீண்ட மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையிலே சுவர் இல்லை, கரும்பலகையே சுவர். விடியற்காலையிலே பிரட்டுக் களத்துக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு பெண்கள் மலையேறுவர். கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்திலே இருக்கும். மழையும் அட்டையும் குளிரும் அவர்களுக்குப் பழக்கம். ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தாய் பாடசாலை வாசலிலே நின்று, "ஐயா, எம் புள்ளைக்கும் நாலு எழுத்து சொல்லிக் குடுங்க. அதுவும் ஒங்களப் போல வரட்டும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன.

இரவு விடுதியிலே படுத்திருக்கும்போது எனக்கு ஒரு கணக்குத் தோன்றிற்று. 1945ஆம் ஆண்டிலே கல்வியை இலவசமாக்கிய அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்திலே இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்திலே மிகப் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றிலிருந்தே வந்தது. அவற்றுள்ளும் முதல் இடம் தேயிலைக்கு. அரசாங்கத்தின் திறைசேரி அந்த வருமானத்தைச் சார்ந்தே நின்றது. அப்படியாயின், யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரனின் மகனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர் எவர்? கொழுந்து பறித்த அந்தக் கைகளும் அல்லவா கட்டின?

கட்டியவர் பெற்றது என்ன என்றும் பார்த்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலே இருந்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, தொடக்க வகுப்புகள் என்ற அளவிலே நின்றன. 1970களிலேதான் அவை படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. இடையிலே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அந்தக் கறை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தங்கள் உழைப்பாலே பிறர் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிவிட்டு, தங்கள் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு மலைக்கு அனுப்பிய ஒரு சமூகத்தை நான் அங்கே கண்டேன். அந்தத் தாய் எனக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றார். எனக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்தவர் தாம் என்பதை அவர் அறியார்.

நான்கு வருடங்கள் அங்கே படிப்பித்தேன். கடினப் பிரதேச சேவை என்று அதற்குப் பெயர். முடித்துக்கொண்டு எப்போது ஊருக்கு மாற்றம் பெறலாம் என்று நாள் எண்ணுவோர் உளர்; அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு, ஆதலால் குறை கூறேன். இந்தக் கணக்கை மாத்திரம் அவர்களுக்குச் சொல்லிவைப்பது என் வழக்கம்.

இனிக் குடும்பம். எங்கள் வீட்டிலே மூத்தவர் அக்கா. ஒன்பதாம் வகுப்போடு அவர் பாடசாலையை விட்டார். ஐயாவுக்கு இழுப்பு நோய். தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அக்கா வெங்காயம் நட்டார், புல்லுப் பிடுங்கினார், ஆடு வளர்த்தார். நானும் தம்பியும் படித்தோம். மேடைகளிலே இத்தகைய அக்காமார்களைப் பற்றிப் பேசுவோர் 'தியாகம்' என்ற சொல்லை உடனே எடுத்துக்கொள்வர். கேட்போர் கண் கலங்குவர். நான் ஒரு முறை, பாடசாலை விழா ஒன்றிலே பேசுவதற்கு முன்னர், அக்காவிடம் இதனைச் சொல்லலாமா என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் தியாகம் ஒண்டும் செய்யேல்லை. எனக்குக் கணக்கு வரேல்லை, தோட்டம் வந்தது. உன்னைத் தோட்டத்துக்கு விட்டிருந்தால் வெங்காயம் எல்லாம் அழுகிப் போயிருக்கும்."

அவர் சொன்னதிலே பாதி உண்மை. மற்றப் பாதி என் மனம் நோகாதிருக்கச் சொன்னது. எந்தப் பாதி எது என்று இன்றளவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெளிந்தேன். உபகாரம் செய்தவரை நாம் நம் விருப்பப்படி ஒரு சித்திரமாக எழுதிச் சுவரிலே மாட்டிவிடுகின்றோம். அவரோ தம்மை அப்படிக் காண்பதில்லை. அக்காவுக்குத் தம் தோட்டத்திலே பெருமை உண்டு. விதை வெங்காயம் வாங்க நான்கு ஊரிலிருந்து அவரிடம் வருவர். அவரைத் தியாகி என்று சொல்லி இரங்குவது, அவர் கையின் திறமையைக் களவாடுவது போலாகும். ஆதலால் விழாவிலே நான் அவர் வெங்காயத்தைப் பற்றியே பேசினேன். முன்வரிசையிலே இருந்த அவர், மறுநாள் ஓர் அந்தர் வெங்காயம் அதிகமாக விற்றது என்றார்!

நண்பரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 1990ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சு வைத்து, அதன் மேல் சில துளி எண்ணெய் ஊற்றி, மெல்லிய திரியிட்டு எரிக்கும் விளக்கினை அக்காலத்து மாணவர் எவரும் மறவார். நாங்கள் நால்வர், ஒரு விளக்கு. ஒருவன் உரக்க வாசிப்பான், மூவர் கேட்போம். பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கங்களிலே குறிப்பெழுதினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையாலே மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலி கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். எண்ணெய் கொண்டுவருவது முறை. முறை தவறியவனை எவரும் கேட்பதில்லை. அவன் வீட்டிலே அன்று சமையலுக்கும் எண்ணெய் இருந்திராது என்பது கேளாமலே விளங்கும்.

அந்நால்வருள் ஒருவர் இன்று கனடாவிலே இருக்கின்றார். ஒருவர் வவுனியாவிலே உத்தியோகம் பார்க்கின்றார். பொருளியலின் வளைகோடுகளை எனக்கு விளங்க வைத்த நான்காமவன், போர் முடிந்த 2009ஆம் ஆண்டைக் காணவில்லை. அவன் பெயரை இங்கு நான் சொல்லவில்லை. அவன் தாயார் வானொலி கேட்கும் பழக்கம் உடையவர். தைப்பொங்கல் அன்று அவர் வீட்டுக்கு நான் போவேன். படிப்பைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மாடு கன்றைப் பற்றிப் பேசுவோம்.

நன்றியறிதல் நல்லதென்று எவரும் ஒப்புவர். புறநானூற்றிலே ஆலத்தூர் கிழார், வேறு கொடும் பாவங்களுக்கெல்லாம் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு இல்லை என்ற கருத்தினைப் பாடியுள்ளார். ஆனால் நன்றியறிதலிலே ஓர் ஆபத்தும் உண்டு என்பதை நம் முன்னோர் கண்டிருந்தனர். இதனை நாம் அதிகம் பேசுவதில்லை. திருக்குறளிலே செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்த அதிகாரம் நடுவுநிலைமை. ஏன் இப்படி அடுத்தடுத்து வைத்தார்? உரையாசிரியர் பரிமேலழகர் இதற்கு ஒரு காரணம் காட்டுகின்றார். நமக்கு உதவி செய்தவரிடத்திலே, அந்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதைந்துபோகும் அன்றோ. அவ்விடத்தும் அது சிதையலாகாது என்று காட்டுதற்கே அவ்வதிகாரத்தை இதன் பின் வைத்தார் என்பது அவர் கருத்து. எழுநூறு வருடங்களுக்கு முந்திய அந்த உரையாசிரியர், இக்காலத்து அரசாங்கப் பாடசாலை அதிபரின் காரியாலயத்திலே ஜனவரி மாதத்துக்கு முன்னர் ஒரு வாரம் இருந்து பார்த்து எழுதியது போல இருக்கின்றது.

முதலாந் தர அனுமதி என்றால் என்ன என்பது நேயர்கள் அறிந்ததே. கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் ஒன்று உண்டு. வதிவிடத்துக்குப் புள்ளி, தூரத்துக்குப் புள்ளி, அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் புள்ளி, பெற்றார் பழைய மாணவராயின் புள்ளி. நேர்முகப் பரீட்சை, பட்டியல், மேன்முறையீடு. விதி தெளிவானது. ஆனால் அதிபரின் கதவைத் தட்டுவோர் அநேகர், அவருட் பலர் வெறுங் கையோடு வருவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் என் வீட்டுக்கு ஒரு முதியவர் வந்தார். கையிலே ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையிலே செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற இரவை யாழ்ப்பாணத்தார் மறவார். எங்கள் குடும்பமும் அதிலே ஒன்று. ஐயாவைச் சைக்கிளிலே இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். எங்களை முன்பின் அறியாத இந்த மனிதர் தம் வீட்டு விறாந்தையைத் தந்தார். ஏறத்தாழ ஆறு மாதம் அங்கே இருந்தோம். அவர் வீட்டிலே எங்களைப் போல இன்னும் நான்கு குடும்பங்கள். கிணற்றுத் தண்ணீர் வற்றியபோது தம் தென்னைகளுக்கு விடாது எங்களுக்கு விட்டார். ஐயாவின் மூச்சு அந்த விறாந்தையிலேதான் அடங்கிற்று. அதற்குரிய காரியங்களையும் அவரே முன்னின்று செய்தார்.

அவர் மகள் மணமுடித்து, என் பாடசாலையிலிருந்து நான்கு கட்டை தூரத்திலே குடியிருக்கின்றார். பேத்திக்கு என் பாடசாலையிலே இடம் வேண்டும். அவர் நேரே கேட்கவில்லை. மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார். பின்னர், "பிள்ளையின்ர பேர் லிஸ்ட்டிலை வரேல்லையெண்டு மகள் சொல்லுறாள்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விறாந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நேயர்களே, அவர் அதனைச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

நான் அவருக்குப் பட்டியலை விளக்கினேன். தூரத்தினாலே பேத்திக்குப் புள்ளி குறைந்தது. கடைசி இடத்திலே நின்ற பிள்ளை பாடசாலை மதிலுக்குப் பின்புறத்திலே குடியிருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். ஒருவரை ஏற்றுவதாயின் அவனை இறக்க வேண்டும். முதியவர் வெகு நேரம் பேசாதிருந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பின்பு, "அப்ப அந்தப் பொடியன் எங்கை போறது?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. "சரி தம்பி" என்று எழுந்தார். முகம் வாடியிருந்தது உண்மை. அவர் மகள் இரண்டு வருடம் என் மனைவியோடு பேசவில்லை என்பதும் உண்மை.

அந்த விறாந்தைக்கு நான் கடன்பட்டவன். ஆனால் கடனை என் பையிலிருந்து கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் இடமோ அந்தக் கூலித் தொழிலாளியின் மகனுடைய இடமோ என் பை அன்று. அவர் தம் விறாந்தையைத் தந்தார். அயல்வீட்டான் விறாந்தையை எடுத்துத் தரவில்லை. என் கையிலே இருப்பன என் நேரமும் என் படிப்பும். பேத்தி தன் வீட்டுக்கு அண்மையிலே உள்ள சிறிய பாடசாலைக்குச் சென்றாள். என் மனைவியும் ஆசிரியை. ஆரம்பக் கல்வியிலே பயிற்சி பெற்றவர். சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் அங்கே போவோம். மனைவி வாசிப்புச் சொல்லிக்கொடுப்பார், நான் தமிழ். அவளோடு அயற்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தனர். முதியவர் ஒரு நாள் ஒரு பெரிய பாயைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார். பட்ட கடன் தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது தீரக்கூடிய கடன் அன்று.

வெளிநாடுகளிலே வாழும் பழைய மாணவரின் நன்றியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் செய்துவரும் உதவி பெரிது. பனியிலே இரண்டு வேலை செய்து மிச்சம் பிடித்த பணம் என்பதை நான் அறிவேன். ஆயினும் வடபகுதிப் பாடசாலைகளைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அலங்கார வளைவுகள் பல தென்படும். வளைவிலே பெயர் பொறித்த கல் இருக்கும். அதன் கீழே நுழைந்து போனால், பெண்பிள்ளைகளுக்குப் போதிய மலசலகூடம் இராது. ஒரு கொடையாளர் எனக்கு எழுதிய கடிதத்திலே, மலசலகூடத்திலே தம் தந்தையாரின் பெயரை எழுதுவது அழகாகுமா என்று கேட்டிருந்தார். அவர் சங்கடம் எனக்கு விளங்கிற்று. நூலகத்திலே பெயரைப் பொறித்து, பணத்தை மலசலகூடத்துக்குச் செலவு செய்ய அவர் சம்மதம் பெற்றேன். தந்தையாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்.

என் பாடசாலையிலே பதினோராந் தர மாணவருக்கு, அவர்கள் பொதுப் பரீட்சைக்குப் போவதற்கு முன், ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. பரீட்சைக்கு அது உதவாது. சில பெற்றோர் அதுபற்றி முறையிட்டும் இருக்கின்றனர். ஒரு கொப்பித்தாளிலே, தாம் இந்தப் பதினொரு வருடம் படிப்பதற்கு எவர் எவர் என்ன கொடுத்தார் என்று கணக்கு எழுதுதல் வேண்டும். அம்மா அப்பா என்று முதல் வரியிலே முடித்துவிடலாகாது. பெயரும் பொருளும் எழுத வேண்டும். முதலில் எவருக்கும் ஐந்து வரிக்கு மேல் வராது. ஒரு கிழமை சென்றதும் தாள் போதாமற் போகும். மதிய உணவு சமைக்கும் அம்மாமார், மழைக் காலத்திலே ஒழுங்கையிலே வெள்ளம் நின்றால் ஏற்றிப் பறிக்கும் ஓட்டோக்காரர், பிரிவெழுத்தைத் திருத்தித் தந்த பக்கத்து வாங்குப் பிள்ளை, எல்லாரும் வருவர். தேயிலையைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்த பின் கொழுந்து பறிப்போரும் வருவர்.

சென்ற முறை ஒரு மாணவி எழுதியிருந்தாள்: பாடசாலையிலே கொடுத்த பழைய விஞ்ஞானப் புத்தகத்தை அவளுக்கு முன்னர் வைத்திருந்தவர், ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் கடினமான சொற்களுக்கு மெல்லிய பென்சிலால் பொருள் எழுதி வைத்திருந்தாராம். உட்பக்கத்திலே பெயர் மாத்திரம் இருந்தது. எழுதுவினைஞரும் அந்த மாணவியும் இடாப்புகளைப் புரட்டி ஆளைக் கண்டுபிடித்தனர். அவர் இப்பொழுது கிளிநொச்சிப் பக்கத்திலே தாதியாக வேலை செய்கின்றார். மாணவி அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள். மூன்று கிழமையின் பின் மறுமொழி வந்தது. அதிலே, அந்தக் குறிப்புகளிற் பாதி தமக்கு முன்னர் அப்புத்தகத்தை வைத்திருந்த ஓர் அண்ணாவுடையவை என்றும், மங்கிப்போன எழுத்துக்களின் மேல் தாம் மீண்டும் எழுதியதாகவும் சொல்லியிருந்தார். அந்த அண்ணாவின் பெயர் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. இடாப்பிலே இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றார்கள்.

வணக்கம்.